இரு கைலாயங்களின் நீர்

தூய்மைக்கு நிறம் உண்டா என்பது கேட்ட மாத்திரத்தில் விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும், தென்னாட்டுச் சைவம் தன் தருக்க நூல்களிலும் சாத்திர நூல்களிலும் பல நூற்றாண்டுகளாக வேறு வேறு வடிவங்களில் கேட்டுவந்த கேள்வி அது. நீருக்கு இயல்பான நிறம் எது, பளிங்கில் தெரியும் சிவப்பு பளிங்கினுடையதா அருகில் வைத்த பூவினுடையதா, உயிரைப் பற்றிய அழுக்கு நீங்கியபின் எஞ்சுவது வெறுமையா அல்லது தனக்கென ஓர் இயல்புடைய பொருளா என்றெல்லாம் அந்நூல்கள் வினவும்போது, அவை கையாளும் உவமைகளில் பெரும்பாலானவை நீர், உப்பு, பளிங்கு, செம்பு, விளக்கு, வண்ணான்துறை ஆகிய அன்றாடப் பொருள்களாகவே இருக்கின்றன. அவ்வுவமைகளை அவற்றின் ஆசிரியர்கள் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லாத ஒரு பொருளின் முன், அதாவது பனியாறு உருகி நிரப்பும் உயர்மலை ஏரியின் முன், நிறுத்திப் பார்த்தால் அவற்றுள் எது தாங்குகிறது, எது தளர்கிறது என்று அறியலாம். பனியாறு என்பது ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி தன் சுமையாலேயே இறுகிக் கட்டியாகி, மலைச்சரிவில் கண்ணுக்குத் தெரியாத மெதுவான வேகத்தில் கீழ்நோக்கி நகரும் பெரும் பனிக்கட்டித் திரளாகும்.

இக்கேள்வியைத் திருகோணமலைக் கரையிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையைச் சைவ மரபு தட்சிண கைலாயம், அதாவது தென்கயிலை, என்று வழங்குகிறது. ஆதிசேடனும் வாயுவும் தம்முள் வலிமை காட்டிப் போரிட்டபோது வடமலையின் மூன்று சிகரங்கள் பெயர்ந்து தெற்கே விழுந்தன என்றும், அவையே திருக்காளத்தி, திருச்சிராப்பள்ளி, திருக்கோணமலை என்றும் புராணம் கூறும். இம்மலையிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் பாதையில் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்னும் மூன்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இப்பெயர்களின் காரணம் எதுவாயினும் ஆகுக. உப்பு, சாம்பல், நிலா என்று மூன்று வெண்மைகள் ஒரே பாதையில் வரிசையாக நிற்பதும், அவற்றுள் பின்னிரண்டும் சிவனின் மேனியிலும் சடையிலும் இருப்பவை என்பதும், முதலாவதாகிய உப்பு சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமையாக வருவது என்பதும் கவனத்துக்கு உரியவை. மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தில் கடல், நீர், உப்பு மூன்றையும் எடுத்து, உப்பு நீரைப் பற்றுமே அன்றி அந்நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் கடல்வெளியைப் பற்றாது என்பதுபோல, அறியாமை உயிரைப் பற்றுமே அன்றி இறைவனைப் பற்றாது என்று விளக்குகிறார். சாம்பல்தீவு அமைந்திருப்பதோ களப்புக்கும் கடலுக்கும் இடையில். ஒருபுறம் கண்டல் மரங்களின் ஓரமாகத் தேங்கிய உவர்நீர், மறுபுறம் வங்கக் கடல்.

வடகயிலையின் அடிவாரத்திலும் இதேபோன்ற ஓர் அமைப்பு உண்டு. திபெத்தின் மேற்குப் பகுதியில், 6,638 மீற்றர் உயரமுள்ள கைலாய மலைக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் மானசரோவர் ஏரியும், ஒரு குறுகிய நிலப்பகுதிக்கு அப்பால் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த மட்டத்தில் இராட்சசதால் ஏரியும் கிடக்கின்றன. முன்னது சுமார் 410 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள நன்னீர் ஏரி. பிரமனின் மனத்தில் தோன்றியதால் மானசம் எனப்பட்டது என்று புராணம் சொல்ல, யாத்திரிகர் அதில் நீராடி அதன் நீரைக் குடங்களில் எடுத்துச் செல்கின்றனர். பின்னது சற்றே உவர்த்த நீர் உடையது. இராவணன் தவமிருந்த ஏரி என்று சொல்லப்படுவது. அதில் எவரும் புண்ணிய நீராடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் கங்கா சூ என்னும் சிறு கால்வாய், நீர் மிகுந்த காலங்களில் மட்டும், ஓடுகிறது. இராவணன் அங்கே ஏரியோடும் இங்கே சுவாமிமலையின் பிளவாகிய இராவணன் வெட்டோடும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளோடும் பேசப்படுகிறான். தென்கயிலை வடகயிலையின் பிரதி என்றால் பிரதி செய்தவர்கள் நீரையும் அரக்கனையும் கூட விட்டுவைக்கவில்லை.

புவியியல் இந்தப் பிரதிக் கதையைத் தலைகீழாக்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1936ஆம் ஆண்டு ஆர்னல்ட் ஹைம் என்பாருடன் இமயத்துக்கு வந்த சுவிட்சர்லாந்துப் புவியியலாளர் ஔகஸ்டோ கான்சர், யாத்திரிகர் வேடமிட்டுத் திபெத்துக்குள் நுழைந்து கைலாயத்தை வலம் வந்தார். அம்மலை பழைய ஆறுகள் உருட்டிக் கொணர்ந்த கூழாங்கற்கள் மணலோடு ஒட்டி இறுகிய திரள்பாறையால் ஆனது என்பது அறியப்பட்டுள்ளது. அப்பாறையின் வயது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகள். மலைக்குத் தெற்கே கான்சர் கண்ட கரும்பச்சைப் பாறைகளோ கடல்தரையின் அடியிலிருந்து வந்தவை. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது, இடையில் இருந்த தெதிஸ் என்னும் கடல் மூடுண்டு, அதன் தரையின் துணுக்குகள் மலைகளுக்கிடையே சிக்கிக்கொண்டன. மாறாக, திருகோணமலையின் அடிப்பாறைகள், கண்டி மலைநாட்டிலிருந்து வடகிழக்காக ஓடிவரும் உருமாறிய பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்தி அவை இன்றைய உருவத்தை அடைந்தே ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. சிகரம் உடைந்து தெற்கே விழுந்தது என்று புராணம் சொல்ல, தெற்கே இருந்த பாறை வடக்கே உள்ளதைவிட இருபது மடங்கு மூத்தது என்று கல் சொல்கிறது. இதனால் புராணத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை. வடகயிலையின் அடியில் ஒரு கடல் புதைந்து கிடக்கிறது என்பதும் தென்கயிலையின் அடியில் ஒரு கடல் இன்னும் அலைவீசுகிறது என்பதும் எந்தப் புராணகாரரும் விரும்பி ஏற்கத்தக்க செய்திகளே.

இனி நிறத்துக்கு வரலாம். பனியாறு வெறும் பனிக்கட்டியாக நகர்வதில்லை. அதன் அடியில் பாறைத் துண்டுகள் உறைந்து பதிந்திருக்கின்றன. மேலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் பனியின் சுமை அழுத்த, அத்துண்டுகள் அடிப்பாறையின்மேல் தேய்ந்துகொண்டே செல்கின்றன. அம்மியின்மேல் குழவி உருள்வதைப் போன்ற வேலைதான் அது. அம்மியும் குழவியும் ஒருங்கே தேய்வதைப்போல அங்கும் இரண்டு பாறைகளும் தேய்ந்து, மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள நுண்ணிய தூளாகின்றன. இத்தூளைப் பாறைமாவு என்பது பொருந்தும். வெயிலாலும் மழையாலும் காலப்போக்கில் மக்கி உதிரும் மண்ணிலிருந்து இது வேறுபட்டது. இது மக்காத கல்லின் பொடி, அரைபட்டதே தவிர மாறுபடாதது. உருகுநீர் இதைச் சுமந்து பனியாற்றின் வாயிலிருந்து வெளிப்படும்போது சாம்பல் கரைத்த பாலைப்போல இருக்கிறது. ஏரியை அடைந்ததும் பரும்படியான துகள்கள் ஆற்றுவாயிலேயே படிந்துவிட, மிக நுண்ணியவை மட்டும் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன.

அந்நீரின்மேல் சூரிய ஒளி விழும்போது இரண்டு செயல்கள் ஒரே வேளையில் நடக்கின்றன. நீர், சிவப்பை விழுங்குகிறது. சில மீற்றர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பின் பெரும்பகுதி மறைந்துவிட, நீலமும் பச்சையும் மட்டும் மேலும் ஆழத்துக்கு இறங்குகின்றன. பாறைமாவு, அவ்வாறு இறங்கும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்து அதன் ஒரு பகுதியை மீண்டும் மேலே, பார்ப்பவர் கண்ணுக்கு, அனுப்புகிறது. மாவு மிகுதியானால் ஒளி ஆழத்துக்கு இறங்கும் முன்பே திரும்பிவிடுவதால் ஏரி சாம்பல் நிறமாகவும் பால்நிறமாகவும் தெரியும். மாவு அளவாக இருந்தால், பார்த்தவர் நம்ப மறுக்கும் அந்தப் பசுநீலம் தோன்றும். மாவு முழுதும் படிந்து நீர் தெளிந்தால் கருநீலம் வரும். கனடாவின் லூயிஸ் ஏரி, நியூசிலாந்தின் புகாக்கி ஏரி, நேபாளத்தின் கோக்கியோ ஏரிகள் ஆகியவை முதலிரண்டு நிலைகளுக்கும் பெயர்போனவை. மானசரோவர் போன்ற பரந்தும் ஆழ்ந்தும் கிடக்கும் ஏரியில், கரையோரம் இளநீலமாகவும் நடுவில் மரகதமாகவும் நிறம் மாறுவதை யாத்திரைக் குறிப்புகள் பலவும் பதிவு செய்துள்ளன.

அந்தப் பசுநீலத்துக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை என்று சொல்வோர் காஞ்சிபுரத்துத் தறிகளை எண்ணிப் பார்க்கவில்லை. பட்டு நெய்வோர் அதை மயில்கழுத்து என்பர். ஆயினும் சைவ நூல்களில் அந்நிறத்துக்கு நெருங்கிய பொருள் வேறொன்று. செம்பில் ஏறும் களிம்பு அதே பசுநீலம்தான். ஆணவம் என்னும் மூலமலம் உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டி நிற்பதற்குச் சித்தாந்திகள் கூறும் நிலையான உவமை, செம்பும் அதன் களிம்பும். தண்ணீர்ச் செம்பைப் புளியிட்டுத் துலக்கும்போது இல்லத்தரசி வெறுத்துத் தேய்த்துக் கழிக்கும் அதே நிறத்தைப் பார்ப்பதற்காக மக்கள் மூச்சுத் திணறும் உயரத்துக்கு ஏறிச் செல்கின்றனர் என்பது, அழகும் அழுக்கும் பற்றிய எளிய முடிவுகளைக் கொஞ்சம் கலைத்துப்போடும்.

நீரின் நிறம் நீருடையதே என்பதை நிறுவியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில், பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரிய திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது தற்செயலாயினும் இனிய தற்செயல். 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பிய சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். ஆழ்கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று ரேலி பிரபு சொல்லியிருந்த காலம் அது. இராமன், மேற்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியைத் தடுக்கவல்ல நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு நீங்கியபின் நீலம் குறையவில்லை, முன்னைவிடச் செறிந்து தெரிந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்குமுன்பே அவர் எழுதிய குறிப்பு அவ்வாண்டே நேச்சர் இதழில் வெளிவந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று அவர் வலியுறுத்தினார். அச்சிதறலோடு, நீர் சிவப்பை விழுங்குவதும் முதன்மையான காரணம் என்று பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. நீர் மூலக்கூறில் ஐதரசனும் ஒட்சிசனும் அதிரும் அதிர்வின் ஒரு சிறு கூறு சிவப்பொளியோடு ஒத்திசைந்து அதை ஏற்றுக்கொள்கிறது. ஐதரசனுக்குப் பதிலாக அதனினும் எடை மிகுந்த தியூத்தீரியம் அமைந்த கனநீரில் இந்த அதிர்வு மந்தமாகி, அதனால் விழுங்கப்படும் ஒளி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுவதால், கனநீர் நிறமற்று இருக்கிறது. நீலம் வானிலிருந்து கடன் வாங்கப்பட்டதாயின், அதே வானத்தின் கீழ் கனநீர் மட்டும் நிறமற்று நிற்க வேண்டிய தேவை என்ன?

இவ்விடத்தில் பழைய தருக்கநூலாரின் கருத்தை ஒப்புநோக்குவது பயனுடையது. வைசேடிகர், நிலத்துக்கு எல்லா நிறங்களும் உண்டு, தீக்கு ஒளிரும் வெண்மை உண்டு, நீருக்கு ஒளிராத வெண்மை உண்டு என்று வகுத்தனர். அப்படியாயின் யமுனையின் நீர் நீலமாகத் தெரிவது எவ்வாறு என்ற தடையை எழுப்பி, 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் இயற்றிய நியாய சித்தாந்த முக்தாவளி, அந்நீலம் நீருக்கு ஆதாரமான நிலத்தின் சார்பால் வந்தது, நீருக்கு இயல்பானதன்று என்று விடை கூறுகிறது. இவ்வாறு வேறொன்றின் சேர்க்கையால் ஒரு பொருள்மேல் தோன்றும் பண்பை உபாதியால் வந்தது என்பர். அந்நூல் இதற்குச் சோதனை ஒன்றும் காட்டுகிறது: அதே யமுனை நீரை அள்ளி வானில் எறிந்தால் வெண்மையாகவே தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகம் என்னும் வடமொழித் தருக்கநூலைத் தமிழாக்கியபோது, ஒளிராத வெண்மை என்ற இக்கொள்கை தமிழ்ச் சைவ மாணாக்கர் பயிலும் பாடமாகவும் ஆயிற்று.

பழங்கருத்து என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் அதன் நேர்மை பாராட்டத்தக்கது. தன் கொள்கைக்கு எதிரான காட்சியை மறைக்காமல் எடுத்துவைத்து, அதைக் கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனையால் தீர்க்க முயன்ற நூல் அது. அதன் பாதி விடை சரியும்கூட. மலையேரியின் பசுநீலத்தில் நிலத்தின் சார்பு, பாறைமாவின் வடிவில், உண்மையாகவே இருக்கிறது. பிழைத்த இடம் சோதனையின் அளவில். எறிந்த நீர் துளிகளாகச் சிதறி ஒவ்வொரு துளியின் மேற்பரப்பிலும் ஒளி தெறிப்பதால் வெண்மை தோன்றுகிறது. துளியின் பருமனோ சிவப்பை விழுங்கப் போதாதது. நீரின் இயல்பு நிறம் ஆழத்தில் மட்டுமே வெளிப்படுவது. ஆழத்தை அகற்றிவிட்டுத் தேடினால் அது அகப்படாது. கோப்பையில் நிறமற்றிருப்பதால் நீருக்கு நிறமில்லை என்று இன்றும் பாடப்புத்தகம் படிக்கும் பிள்ளைகள் சொல்வது இதே பிழையின் தொடர்ச்சிதான்.

பளிங்குவமை இன்னும் நுட்பமானது. நிறமற்ற பளிங்கின் அருகே செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவந்து தோன்றுகிறது. இதை, உயிரும் இறையும் ஒன்றே என்னும் ஏகான்மவாதி எடுத்தாளும்போது, சிவப்பு பளிங்கில் ஒருபோதும் இல்லை, அது தோற்றமே, அவ்வாறே உயிரின்மேல் தோன்றும் இன்பதுன்பங்களும் தோற்றமே என்று முடிக்கிறான். மெய்கண்டாரும் எட்டாம் சூத்திர விளக்கத்தில் பல நிறங்களைக் காட்டும் படிகத்தைப் பேசுகிறார்; ஆனால் சித்தாந்தத்தின் கருத்து வேறு. உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆவது. மலத்தைச் சார்ந்து மலமாய் நின்ற அது, சிவத்தைச் சார்ந்து சிவமாய் நிற்கும். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில், இருளில் இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் ஆகும் பொருள்கள் உலகில் உண்டல்லவா என்று கேட்பது இந்த இயல்பைச் சுட்டவே. சார்பு இங்கே பொய்த்தோற்றம் ஆகாது. சாரப்படும் பொருளும் உண்மை, சார்கின்ற உயிரும் உண்மை, இரண்டின் கூட்டத்தால் நிகழ்வதும் உண்மை.

மலையேரி இவ்வழக்கில் சாட்சி சொல்லுமாயின் சித்தாந்தியின் பக்கமே சொல்லும். பூ பளிங்குக்கு வெளியே இருக்கிறது, எடுத்து அப்பால் வைத்துவிடலாம்; பாறைமாவோ நீரினுள் கலந்து, கையால் தொடத்தக்க பொருளாக இருக்கிறது. ஆயினும் நீர் கல்லாகிவிடவில்லை, கல் நீராகவும் கரைந்துவிடவில்லை. அப்பசுநீலத்தை நீருக்கு மட்டும் உரியது என்றால் மாவு மறுக்கும்; மாவுக்கு மட்டும் உரியது என்றால், உலர்த்தி எடுத்தால் வெறும் சாம்பல்நிறப் பொடியாகவே எஞ்சும் மாவு தானே அதைப் பொய்யாக்கும்; ஒளி இல்லாத நள்ளிரவில் இரண்டும் இருந்தும் நிறம் இல்லை. ஒன்றாகவும் இல்லாமல் வேறாகவும் இல்லாமல் கூடிநிற்கும் கூட்டத்தை அத்துவிதம் என்ற சொல்லால் குறித்த மெய்கண்டாருக்கு, இதைவிட வாய்ப்பான உவமை திருவெண்ணெய்நல்லூரில் கிடைத்திருக்காது.

அதற்கும் மேலான ஒரு சிக்கல் உண்டு. கலங்கலை உண்டாக்கும் அதே பொருள் அழகையும் உண்டாக்குவது எவ்வாறு? ஏரியைப் பாலாகக் கலக்கி ஆழத்தை மறைப்பதும் பாறைமாவு. ஆழத்துக்குப் போன ஒளியைத் திருப்பி அனுப்பி, அங்கே ஒளி இருந்தது என்று காட்டுவதும் அதே மாவு. சித்தாந்தத்தில் மாயையின் நிலை இதுதான். மாயையும் ஒரு மலமே; ஆயினும் ஆணவத்தின் இருளில் கிடக்கும் உயிருக்கு உடலும் கருவிகளும் உலகமும் தந்து சிறிது அறிவு விளங்கச் செய்வது அதுவே என்பதால், விடியும்வரை எரியும் விளக்குக்கு அதனை ஒப்பிட்டார் உமாபதி சிவம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியாரோ இறைவன் மலத்தை மலத்தாலேயே கழுவுகிறான் என்று கூறி, வண்ணான் சீலையின் அழுக்கைப் போக்க அதன்மேல் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுவதை உவமை காட்டினார். அழுக்குச் சீலைமேல் மேலும் அழுக்கு ஏறக் கண்ட வழிப்போக்கன் வண்ணானுக்குப் புத்தி பேதலித்தது என்றே எண்ணுவான். உவர்மண்ணும் பாறைமாவும் ஒரே பொருள் அல்ல; ஆயினும் இரண்டும் நுண்ணிய பொடிகளே. இரண்டுமே தம் வேலை முடிந்தபின் அடியில் படிந்துபோகின்றன.

படிந்தபின் என்ன எஞ்சுகிறது என்பதே தொடக்கத்தில் எழுந்த கேள்வி. குளிர்காலத்தில் பனியாறு உருகுவது நின்று மாவின் வரத்தும் நிற்க, ஏரி மெல்லத் தெளிகிறது. தெளிந்த ஏரி நிறமற்றதாக ஆவதில்லை, மேலும் நீலமாகிறது. மயில்கழுத்துப் பசுமை போய், நீரின் சொந்த நிறமாகிய கருநீலம் வருகிறது. மலம் நீங்கிய உயிர் இருளும் ஒளியும் அற்ற பாழாகக் கிடக்கும் என்றும், அறிவும் செயலும் இன்றிக் கல்போல் ஆகும் என்றும் சொன்ன பிறமதத்தாரை மறுத்து, உயிர் முத்தியிலும் கெடாது, தன் அறிவோடு நின்று சிவானந்தத்தை நுகரும் என்று சித்தாந்தம் வாதிட்டதன் கருத்து இங்கே கண்ணுக்குத் தெரியும் பொருளாகிறது. ஆயினும் உவமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஏரிக்கு அறிவு இல்லை. அது முத்தியை விரும்பவும் இல்லை. அடுத்த கோடையில் பனி உருகியதும் மாவு மீண்டும் வந்து சேரும். சித்தாந்தத்தின் முத்தியிலிருந்து மீட்சி கிடையாது.

மலையேரியின் அழகை அருளின் அடையாளமாகக் கொள்வோர் நினைவில் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. தேவாரத்தில் பாடப்பெற்ற வடநாட்டுத் தலமாகிய திருக்கேதாரத்துக்கு மேலே, ஏறத்தாழ 3,900 மீற்றர் உயரத்தில், சோராபாரி என்னும் ஏரி இருந்தது. 1948இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி அதில் கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்றும் அதற்குப் பெயர். அதன் கரை, பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும் பொடியும் கலந்த தளர்ந்த மேடு. 2013 ஜூன் 17 காலை, பெருமழையில் நிறைந்த அவ்வேரி அம்மேட்டை உடைத்துக் கொண்டு இறங்கிக் கேதார்நாத்தை மூடியது. 2023 ஒக்டோபரில் சிக்கிமின் தென் லோனாக் ஏரி அதேபோல் உடைந்து, தீஸ்தா ஆற்றின் மேலிருந்த பெரிய அணையை அடித்துச் சென்றது. நிறத்தைத் தந்த பொடியும் கரையாய் நின்று பின்பு கைவிட்ட பொடியும் ஒன்றே. அழித்தலையும் அருள் என்று எண்ணும் சைவம் இதனை எவ்வாறு விளக்கும் என்பது தெரிந்ததே. இறந்தோரின் உறவினர் முன்னால் அவ்விளக்கத்தைச் சொல்லத் துணியும் சைவர் அதிகம் இருக்க மாட்டார்.

சாம்பலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருநீறு வெண்மையாகத் தெரிவதற்கும் பனியாற்று நீர் பாலாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றே. பொடி நுண்ணிதாக ஆக, ஒளி எண்ணிறந்த முகங்களில் பட்டு எல்லா நிறங்களும் கலந்தே திரும்புகின்றன. நெருப்பு சாணத்தை நீறாக்குகிறது, பனி மலையை நீறாக்குகிறது. அந்நீற்றை மேனியெங்கும் பூசிய இறைவனுக்குக் கழுத்து மட்டும் நீலம். அங்கே ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது: நீர் நீலமாகத் தெரிவது அது சிவப்பை விழுங்கி நீலத்தைத் திருப்பித் தந்துவிடுவதால், கண்டம் நீலமானது அது நஞ்சை யாருக்கும் திருப்பித் தராமல் தன்னிடமே நிறுத்திக்கொண்டதால்.

வடகயிலைக்கு நடந்து செல்ல முயன்ற தமிழர்களுள் புகழ்பெற்றவர் அப்பர். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் போக முடியாத நிலையில், முனிவர் வடிவில் வந்த இறைவனின் சொற்படி அங்கே ஒரு பொய்கையில் மூழ்கிய அவர், காவிரிக்கரையில் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்றும், அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்றும் சேக்கிழார் கூறுகிறார். பனிநீரும் காவிரி நீரும் ஒரே மூழ்குதலில் ஒன்றாயின. இடங்களுக்கு இடையிலான தொலைவைக் கடக்கும் ஊடகமாக அக்கதை மலையையோ வானத்தையோ தேர்ந்துகொள்ளாமல் நீரைத் தேர்ந்துகொண்டது தற்செயலாக இருக்க முடியாது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றனுள் மூர்த்தியைப் பெயர்க்கலாம், தலத்தை இடிக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டியபோது இவ்விரண்டும் நிகழ்ந்தன. சுவாமிமலையின் அடியில் கடலுள் கிடந்த தூண்களும் கற்களும், 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்தபோது, நீரின் வழியாகவே மீண்டும் மனிதர் கண்ணில் பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

தென்கயிலைக்குப் பனியாறு இல்லை. பாறைமாவு வேலையை இங்கே மழையும் ஆறும் அலையும் செய்கின்றன. மகாவலி கங்கை மலைநாட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியாரக்குடாவில் சேர்க்கிறது. வடக்கே புல்மோட்டைக் கரையில் அலைகள் பழம்பாறையின் கனமான தாதுக்களைத் தேர்ந்து ஒதுக்கிக் கருமணலாகக் குவித்திருக்கின்றன. குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குவதால், சுவாமிமலையின் உச்சியில் நின்று பார்ப்போருக்குக் கரையை ஒட்டியே கருநீலம் தெரிகிறது. வாடைக்காற்றோடு வரும் மாரி மழையில் கிழக்குக் கரையின் களப்புகள் நிரம்பி முகத்துவாரங்கள் திறந்துகொள்ள, மண்ணிறமான வெள்ளம் கடலுக்குள் நாக்குப்போல் நீண்டு, நீலத்துக்கும் கலங்கலுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். மாசி பிறக்கும்போது அக்கோடு மறைந்து, வண்டல் அடியில் படிந்து, கடல் தன் நிறத்துக்குத் திரும்புகிறது. களப்பு மட்டும் கண்டல் இலைகளின் சாயம் ஊறி, தேநீர் வடித்த நிறத்தில் கிடக்கிறது. சாம்பல்தீவில் இவ்விரு நீருக்கும் இடையிலுள்ள மணல்மேட்டில் நின்று, முக்தாவளியின் சோதனையைச் செய்ய விரும்புவோர் இருபுறத்திலிருந்தும் ஒரு கையளவு நீர் அள்ளிப் பார்க்கலாம். கடல்நீரிலும் களப்புநீரிலும் உள்ளங்கை ரேகைகள்தான் தெரியும்.